பனி தாண்டி நிற்கும் பயிர்கள்: லண்டன் அலொட்மென்டில் இலையுதிர்கால நடவு

செப்டெம்பர் கடைசியில் எங்கள் அலொட்மென்டுக்குள், அதாவது வாடகைக்குத் துண்டு துண்டாகக் கொடுக்கும் பொதுத் தோட்டத்துக்குள் நுழைந்தால் பாதித் துண்டுகள் கறுப்பு விரிப்பால் மூடிக் கிடக்கும். தக்காளி கருகல் நோயில் போய்விட்டது, பூசணிக் கொடி வாடிவிட்டது, போஞ்சித் தடிகளைப் பிடுங்கிக் கட்டி வைத்தாயிற்று. இனி மார்ச்சில் பார்ப்போம் என்று ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் தமிழ் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் கூடுதல். கத்தரியும் மிளகாயும் புடோலும் வளர்க்கவென்றே துண்டு எடுத்தவர்களுக்கு, அவை முடிந்தால் தோட்டமும் முடிந்த மாதிரித்தான். ஆனால் இந்த நாட்டு மண்ணில் நன்றாக வரும் பயிர்களில் சிலவற்றுக்கு அப்போதுதான் பருவம் தொடங்குகிறது. உள்ளி (வெள்ளைப்பூடு), வெங்காயம், புரோட் பீன்ஸ் என்ற பெரிய அவரை வகை, வசந்தகாலக் கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் அந்த வகை. எதைத் தெரிவு செய்வது என்று புதிதாகத் துண்டு எடுத்த தம்பி தங்கச்சிமார் ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் துண்டு லண்டனின் வடமேற்கில், ஹரோப் பக்கம் இருக்கிறது. கவுன்சிலிடம் ஆண்டு வாடகைக்கு எடுத்தது. இங்கே முழுத் துண்டு என்றால் 10 ரொட், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ரொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒரே அளவு. ஆகவே யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் அது ஒரு பரப்பு. என்னிடம் இருப்பது அரைத் துண்டு. மண் லண்டன் களி. கோடையில் வெடிக்கும், மாரியில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். மண்ணை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் எதை நடுவது என்ற கேள்விக்குப் பாதி விடை மண்ணில்தான் கிடைக்கும். மணல் கலந்த, நீர் நன்றாக வடியும் மண்ணில் தோட்டம் செய்பவர்கள் நான் சொல்வதில் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். “அக்கா, மைனஸுக்குப் போனால் இதெல்லாம் செத்துப் போகாதோ?” உறைபனியைத் தாங்கும் பயிர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றையும் வீழ்த்துவது வேரடியில் தேங்கும் ஈரமும் வெளிச்சக் குறைவும்தான். யாழ்ப்பாணத்தில் பகல் ஆண்டு முழுக்க 12 மணித்தியாலத்தைச் சுற்றியே நிற்கும். லண்டனில் ஜூனில் பதினாறரை மணித்தியாலம், டிசெம்பரில் 8 மணித்தியாலம்கூட இல்லை. ஒக்டோபர் கடைசி வாரத்தில் பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கும், பெப்ரவரி நடுப்பகுதியில்தான் திரும்ப ஏறும். இடையில் வரும் அந்த மாதங்களில் பெரும்பாலான பயிர்கள் வளர்வதே இல்லை என்று சொல்லலாம். உயிரோடு நிற்கும், அவ்வளவுதான்.

அதனால் விதைப் பக்கெற்றின் முன்பக்கப் படத்தைப் பார்க்குமுன் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஒக்டோபர் முடியும்போது இந்தச் செடி என்ன அளவில் இருக்க வேண்டும்? கீரை வகைகள் அதற்குள் வெட்டும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். பிறகு அவை வளரப் போவதில்லை, நிற்கும் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சமைக்கலாம். வெங்காயமும் புரோட் பீன்ஸும் சின்னதாகவே இருக்க வேண்டும். பெரிதாக வளர்ந்து குளிருக்குள் போனால் வெங்காயம் பூக்கும், பீன்ஸ் காற்றில் முறியும். உள்ளிக்கு மேலே ஒன்றும் வேண்டாம், கீழே வேர் பிடித்திருந்தால் போதும். இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்தது சமையலறைக் கணக்கு. இலையுதிர்காலத்தில் நடுவதைக் குளிர்காலத்தில் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் சாப்பிடுவதற்கான லீக்ஸ், கேல், பார்ஸ்னிப் எல்லாம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் விதைத்து வந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் நடுவது ஏப்ரல், மே, ஜூனுக்காக. ஏப்ரல் நடுவிலிருந்து லீக்ஸ் பூத்தண்டு விட்டுக் கட்டையாகும், கேல் பூத்துவிடும், மார்ச்சில் விதைத்தவை விரல் உயரத்துக்கு மேலே வந்திருக்காது. இந்நாட்டுப் பழைய தோட்டக்காரர்கள் அதிகம் அஞ்சியது இந்தப் பசிக்கால இடைவெளியைத்தான். வெளியே வெயில், எங்கும் பூ, தோட்டத்தில் மட்டும் சமைக்க ஒன்றும் இராது. அந்த ஆறேழு வாரத்துக்கு உங்கள் வீட்டில் எது வேண்டும் என்று பார்த்து நடுங்கள்.

முதன்முறை நடுபவருக்கு நான் எப்போதும் சொல்வது உள்ளி. புறா தொடாது, நத்தையும் பெரிதாகத் தொடாது. உள்ளிப் பல் பூமிக்குள் பிரிந்து முழுப் பூடாவதற்குக் குளிர் வேண்டும். 0 முதல் 10 பாகை வரையான குளிரில் ஒன்றிரண்டு மாதமாவது கிடக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். இலங்கையில் நாங்கள் சமைத்த உள்ளி அநேகமாக எல்லாம் கப்பலில் வந்தது. இங்கேயோ குளிர் தானாக வருகிறது. ஒக்டோபரில் நட்டுவிட்டால் வேலையைப் பனி பார்த்துக்கொள்ளும்.

“தமிழ்க் கடையில வாங்கின உள்ளியையே நட்டால் என்ன அக்கா?” இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. முளைக்கும், சில வேளை நன்றாகவும் வரும். ஆனால் கடை உள்ளி பெரும்பாலும் சீனாவிலோ ஸ்பெயினிலோ விளைந்தது. இந்தக் காலநிலைக்குத் தெரிந்தெடுத்த இனம் அல்ல. வைரஸ் நோய் இல்லை என்று யாரும் சோதித்துத் தந்ததும் அல்ல. ஒருமுறை சான்றளித்த நடவு உள்ளி வாங்குங்கள். நல்ல விளைச்சல் வந்தால் அதில் பெரிய பூடுகளை எடுத்து வைத்து அடுத்த ஒக்டோபரில் நடலாம்.

உள்ளியில் இரண்டு வகை. மென்தண்டு வகையில் பல் சின்னது, எண்ணிக்கை கூட, நன்றாக உலர்த்திக் கட்டினால் அடுத்த வசந்தம் வரை கிடக்கும். சொலென்ட் வைட், ஜேர்மிடூர் எல்லாம் இந்த வகை. வைட் தீவு உள்ளிக்குப் பேர் போனது; பல இனங்களின் பெயரில் வைட் என்று வருவது அதனால்தான். வன்தண்டு வகையில் பல் பெரிது, உரிக்கச் சுகம், காரமும் மணமும் கூடுதல். ஆனால் புத்தாண்டு தாண்டினால் வற்றத் தொடங்கும். லோட்ரெக் வைட் இதில் ஒன்று. தினமும் உள்ளி போட்டுச் சமைக்கும் வீட்டுக்கு மென்தண்டுதான் சரி என்பது என் தீர்மானம். வன்தண்டில் ஒரு வரிசை மட்டும் நடுவேன், ஜூனில் அது விடும் பூந்தண்டுக்காக. சுருண்டு வரும்போதே ஒடித்துக் குறுக வெட்டி, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கினால் சோற்றுக்கு வேறு கறி தேவைப்படாது. யானை உள்ளி என்று கைப்பிடி அளவில் ஒன்று விற்பார்கள். உறவில் அது லீக்ஸுக்கு நெருக்கம், சுவையும் சாது. ரசத்துக்கு உதவாது.

நடும்போது பல்லின் நுனி மண்ணுக்குக் கீழே 2 அல்லது 3 செ.மீ. இருக்கட்டும். பல்லுக்குப் பல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. கட்டி மண்ணில் விரலால் அழுத்திக் குத்தாதீர்கள். சின்னக் குழி எடுத்து வைத்து மூடுங்கள். களிமண்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒக்டோபரில் நாற்றுத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு பல் ஊன்றி, வெளியே குளிர் படும் இடத்தில், மழை நேரே விழாதபடி வைத்துவிட வேண்டும். பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ மண் கொஞ்சம் காய்ந்ததும் பாத்திக்கு மாற்றலாம். குளிரும் கிடைக்கும், அழுகலும் இல்லை. 2022 ஒக்டோபர் முதல் 2024 மார்ச் வரையான 18 மாதங்கள், 1836இல் பதிவு தொடங்கியதிலிருந்து இங்கிலாந்தில் அதிக மழை பெய்த 18 மாதங்கள். அந்தக் காலத்தில் எங்கள் தளத்தின் தாழ்ந்த பக்கத்துப் பாத்திகளில் நேரே ஊன்றிய உள்ளி நிறைய அழுகியது. தட்டில் வளர்த்து மாற்றியது பிழைத்தது. மே மாதத்தில் இலையில் செம்மஞ்சள் புள்ளி வந்தால் அது துரு நோய். பூடு கொஞ்சம் சிறுக்கும், சாப்பிட ஒரு தடையும் இல்லை.

வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வெங்காயம் செய்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். அந்தக் கை அனுபவம் மண் கொத்தவும் பாத்தி கட்டவும் உதவும். ஆனால் பயிரின் நாட்கணக்கு இங்கே வேறு. வெங்காயம் குண்டு பிடிப்பது பகல் நீளத்தைப் பார்த்து. எங்கள் சின்ன வெங்காயம் 12 மணித்தியாலப் பகலிலேயே குண்டு பிடிக்கும். லண்டனில் மார்ச் கடைசியிலேயே பகல் 12 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். அப்போது செடியில் நாலு இலைகூட இராது, அதற்குள் குண்டு பிடித்து முடித்துவிடும். கடையில் வாங்கிய சின்ன வெங்காயத்தை நட்டவர்களுக்குத் தாள் நன்றாகக் கிடைக்கும், வெங்காயம் கிடைக்காது. தாள்தான் வேண்டும் என்றால் தாராளமாக நடுங்கள்.

இலையுதிர்காலத்தில் நட்டுக் குளிர் தாண்டி ஜூனில் எடுப்பதற்கென்று வேறு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஜப்பானிய வழியில் வந்தவை. சென்ஷு யெலோ என்ற இனத்தின் பெயரே ஒசாகாவின் தெற்கே வெங்காயத்துக்குப் பேர் போன பகுதியின் பெயர். ரேடார் மஞ்சள், எலக்ட்ரிக் சிவப்பு, ஷேக்ஸ்பியர் பழுப்புத் தோலும் வெள்ளைச் சதையும். விதை வெங்காயமாக வாங்கினால் செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் கடைசிக்குள் நட வேண்டும். பக்கெற்றில் இருக்கும் பெரியதைப் பொறுக்கி நடத்தான் கை போகும். பெரியதுதான் வசந்தத்தில் பூக்கும். சின்னதும் நடுத்தரமும் நல்லது. நடும்போது பசளை வேண்டாம். குளிருக்கு முன் தழைத்த மென்மையான இலை முதல் உறைபனியிலேயே கருகும். பெப்ரவரி கடைசியில், பகல் நீளத் தொடங்கியதும், கோழிஎருக் குருணை ஒரு பிடி தூவினால் போதும்.

இந்த வெங்காயம் நெடுநாள் கிடக்காது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் சமையலுக்கு அது. ஆண்டு முழுவதற்கும் வைக்கும் வெங்காயம் மார்ச்சில் நட்டு ஓகஸ்டில் எடுப்பது. இடம் குறைவு, இரண்டில் ஒன்றைத்தான் நடலாம் என்றால் உள்ளியை நடுங்கள். மூட்டை வெங்காயம் கடையில் மலிவு, நல்ல உள்ளி மலிவில்லை.

உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எதை நடுவதானாலும் அதற்குமுன் துண்டின் பழைய சரித்திரத்தை விசாரியுங்கள். வெள்ளை அழுகல் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. வெங்காயத்தின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்து, குண்டூசித் தலையளவு கறுப்பு மணிகளை விட்டுவிட்டுப் போகும். அந்த மணிகள் 15, 20 ஆண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர் பயன்படுத்த மருந்து எதுவும் இல்லை. எத்தனையோ கை மாறிய அலொட்மென்ட் துண்டுகளில் இது சாதாரணம். பக்கத்துத் துண்டில் நெடுங்காலம் இருக்கும் பெரியவரிடம் கேட்டால் எந்த மூலையில் வந்தது என்று சொல்வார். அந்த மூலையைப் பீன்ஸுக்கும் கோவாவுக்கும் விட்டுவிடுங்கள். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் மற்றப் பக்கம் கொண்டு போக வேண்டாம். இன்னொரு தொல்லை இலை துளைக்கும் ஈ. பிரித்தானியாவில் இதை முதலில் கண்டது 2002இல். இப்போது லண்டனிலும் தாராளம். மார்ச், ஏப்ரலில் ஒருமுறையும் ஒக்டோபர், நவம்பரில் ஒருமுறையும் முட்டையிடும். இலையில் நேர்வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வந்துவிட்டது. அந்த மாதங்களில் மெல்லிய கண் உள்ள பூச்சிவலை போட்டு ஓரத்தை மண்ணில் புதைத்துவிட்டால் நிம்மதி.

புரோட் பீன்ஸை எங்கள் ஆட்கள் பலர் தொடுவதில்லை. சுவை பழகவில்லை என்பார்கள். பழக வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன், ஏனென்றால் மே கடைசியில் கூடை நிறையக் காய் தருவது இது ஒன்றுதான். அக்வாடல்சே கிளோடியா என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். இலையுதிர்காலத்தில் விதைக்கும் புரோட் பீன்ஸ் என்றால் இந்நாட்டில் பலரும் முதலில் சொல்லும் பெயர் அது. லண்டனில் விதைப்புக்கு நவம்பர் முதல் இரண்டு வாரம் சரியான நேரம். செப்டெம்பரில் போட்டால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, டிசெம்பர்க் காற்றில் தண்டு முறியும். விரல் நீள முளையாகக் குளிருக்குள் போனதுதான் நிமிர்ந்து வரும். 5 செ.மீ. ஆழம், 20 செ.மீ. இடைவெளி, இரட்டை வரிசை. எலி தோண்டித் தின்னும் தளமாக இருந்தால் கழிவறைத் தாள் சுருளின் நடு அட்டைக் குழாயில் விதைத்து முளைத்தபின் அட்டையோடு நடலாம். 2022 டிசெம்பர் நடுவில் லண்டனில் பனி விழுந்து, ஒரு வாரத்துக்கு மேல் குளிர் விடாமல் நின்றது. பீன்ஸ் முளைகள் எல்லாம் கறுத்துத் தரையோடு படுத்தன. பார்த்தால் கதை முடிந்தது போலத்தான் இருந்தது. பெப்ரவரியில் அடியிலிருந்து இரண்டு மூன்று புதுத் தண்டு கிளம்பி, மற்ற ஆண்டுகளை விடப் பற்றையாக வந்தது. ஆகவே கறுத்ததைக் கண்டு பிடுங்கிவிட வேண்டாம்.

இலையுதிர்கால விதைப்பின் பெரிய நன்மை, கறுப்புப் பேன் கூட்டமாக வருமுன்பே காய் பிடித்துவிடும். அடிக் காய்கள் தெரியும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பேன் உட்காரும் மென்மையான இடமும் போய்விடும். கிள்ளிய நுனி அருமையான கீரை. தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யலாம். சுண்டுவிரல் நீளப் பிஞ்சைப் போஞ்சி மாதிரியே பால்கறி வைக்கலாம். முற்றிய கொட்டைக்கு அவித்துச் சாம்பல் நிறத் தோலை நீக்க வேண்டும், அதன் பிறகுதான் சுவை. ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடு உள்ளவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது, செங்குருதிக் கலங்கள் உடைந்து ஆபத்தாகும். தெற்காசியரிலும் அந்தக் குறைபாடு உண்டு. வீட்டில் யாருக்காவது இருப்பதாக வைத்தியர் சொல்லியிருந்தால் இந்தப் பயிரை விட்டுவிடுங்கள். காய் முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள்; வேர் முடிச்சுகளில் இருக்கும் நைதரசன் மண்ணுக்கே போகட்டும்.

வசந்தகாலக் கோவாவை விதையாகப் போடும் காலம் ஜூலை கடைசியும் ஓகஸ்டும். அதைத் தவறவிட்டவர்களுக்கும் வழி உண்டு. செப்டெம்பரில் நாற்று விற்பார்கள். ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். டேர்ஹம் ஏர்லி, ஏப்ரல், பிக்ஸி எல்லாம் கூர்நுனிக் கோவாக்கள். 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டு, மார்ச்சில் ஒன்றுவிட்டு ஒன்றை இலையாகவே வெட்டி வறைக்கு எடுக்கலாம். மற்றது ஏப்ரல், மேயில் சுருளும். நட்டதும் சுற்றி மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தளர்ந்த மண்ணில் காற்று செடியை ஆட்டி வேரை அறுக்கும். மரப்புறாவுக்கு வலை கட்டாயம். மற்ற உணவெல்லாம் முடிந்த ஜனவரியில் அது கோவாவுக்குத்தான் வரும், ஒரே காலையில் நடு நரம்பை மட்டும் மிச்சம் விடும். வலை இலையில் தொடாமல் வளைவுக் கம்பிமேல் நிற்க வேண்டும். தொட்டால் வலைக்கு மேலிருந்தே கொத்தும். வேர் வீக்க நோய் உள்ள தளத்தில் நடுவதற்கு முன் சுண்ணாம்பு தூவி மண்ணின் புளிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீரை வகையில் நான் கைவிடாதது கொத்தமல்லி. கோடையில் விதைத்தால் ஒரு மாதத்தில் பூத்துத் தொலையும். ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் முதல் வாரத்திலோ விதைத்தால் பகல் குறுகுவதால் பூக்க அவசரப்படாது. மெல்லிய பனித்துணிக்குக் கீழே குளிரைத் தாண்டி மார்ச்சில் திரும்பத் தழைக்கும், தண்டும் தடிப்பு, மணமும் கூட. வெந்தயக்கீரை அப்படியல்ல, கடும் உறைபனியில் செத்துவிடும். செப்டெம்பர் தொடக்கத்தில் நெருக்கி விதைத்து ஒக்டோபருக்குள் வெட்டி முடியுங்கள். கடுகுக்கீரையில் குளிர் தாங்கும் இனங்கள் உண்டு. பெர்பெச்சுவல் ஸ்பினாச் என்ற இலைப் பீட் வகையை வீட்டுக்கு ஒரு வரிசை வைக்கலாம். வண்ணத்தண்டு சார்ட் பார்க்க அழகு, ஆனால் அதே 2022 பனியில் கூழானது அதுதான். இலைப் பீட் சோர்ந்து, பிறகு எழும்பியது. சலாது சாப்பிடுபவர்களுக்கு லாம்ஸ் லெட்டஸும் வின்டர் டென்சிட்டி என்ற லெட்டஸ் இனமும் போதும்.

பட்டாணியில் மீற்றியோர், ஃபெல்தம் ஃபேர்ஸ்ட் போன்ற உருண்டை விதை இனங்களை நவம்பரில் விதைக்கலாம் என்று பக்கெற்றில் இருக்கும். விதைக்கலாம்தான். எலி, நத்தை, புறா மூன்றும் சேர்ந்து மிச்சம் வைப்பது, மார்ச்சில் விதைத்ததை விட ஒன்றிரண்டு வாரம்தான் முந்தும். அந்த இடத்தைப் புரோட் பீன்ஸுக்குக் கொடுப்பேன். ஒக்டோபரில் கேல் விதையோ பேர்பிள் புரொக்கொலி விதையோ வாங்க நிற்பவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள். அடுத்த மே மாதத்துக்கு எடுத்து வைக்கட்டும். பேர்பிள் புரொக்கொலி மார்ச், ஏப்ரலில் தரும் பூந்தளிர் பசிக்கால இடைவெளிக்கு அருமருந்து, ஆனால் அதற்கு ஒரு முழு ஆண்டு இடம் ஒதுக்க வேண்டும்.

எல்லாப் பாத்தியையும் நிரப்பத் தேவையில்லை. களிமண்ணை மழையில் திறந்து விட்டால் மேல்மண் இறுகிப் பாளமாகும். வெறுமையாக விடும் பாத்தியில் ஒக்டோபருக்குள் ரை புல்லோ வயல் பீன்ஸோ பசுந்தாளாக விதைக்கலாம், அல்லது இரண்டு அங்குலம் கூட்டெருவைப் பரப்பி மூடலாம். ரை புல்லை வெட்டிப் புதைத்தபின் சில வாரம் அந்த இடத்தில் கரட் போன்ற சின்ன விதைகள் முளைக்கச் சுணங்கும். அங்கே நாற்று நடுவதுதான் புத்தி. நனைந்த மண்ணில் மிதிக்காமல் வேலை செய்ய ஒரு பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். பல தளங்களில் நவம்பரோடு தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிடுவார்கள், குளிரில் வெடிக்கும் என்பதால். கடைசி நடவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பீப்பாயை முன்பே நிரப்பி வையுங்கள்.

கடைசியாக, எந்தப் பயிர் எப்போது இடத்தைவிட்டுப் போகும் என்பதையும் பார்த்துத்தான் பாத்தி ஒதுக்க வேண்டும். எங்களுக்குப் பிடித்த பூசணி, போஞ்சி, தக்காளி எல்லாம் மே கடைசியில் உறைபனிப் பயம் போனபின் வெளியே வருபவை. கோவா மே நடுவில் முடியும், அந்தப் பாத்தி பூசணிக்குச் சரியாக வரும். வெங்காயம் ஜூன் நடுவில் கிளம்பும். சட்டியில் முன்பே முளைக்க வைத்த போஞ்சியை அன்றே அங்கே வைக்கலாம். புரோட் பீன்ஸ் ஜூன் கடைசி. அதன் பின்னால் கேல் நாற்று, நைதரசனும் தயாராக இருக்கும். உள்ளி ஜூலை நடுவரை நிற்கும், அதனால் அதைத் தக்காளிக்கு நினைத்து வைத்த வெயில் மூலையில் நடாதீர்கள். உள்ளி எடுத்த இடத்தில் ஜூலை கடைசியில் கடுகுக்கீரையும் முள்ளங்கியும் விதைக்கலாம். லீக்ஸ் அதே குடும்பம் என்பதால் அங்கே வேண்டாம். ஒரு தாளில் துண்டைக் கீறி, ஒவ்வொரு பாத்தியிலும் பயிரின் பெயரோடு அது வெளியேறும் மாதத்தையும் எழுதி, பிறகு விதைக் கடைக்குப் போங்கள்.